டைமிங் தப்பிய காண்டெஸா

“சார், வண்டி பார்க்க வந்திருக்கேன்” என்று வாசலில் அப்சரின் குரல் கேட்டபோது வெங்கடகிருஷ்ணன் ஸ்பேனரும் கையுமாகக் காண்டெஸாவின் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். வண்டியைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவரும் தம்பி நாணுவும் சேர்ந்து வாங்கிய கார் அது. போன மாசியில் நாணு காலமானான். அதிலிருந்து வெங்கடகிருஷ்ணன் அறையை விட்டு வரவில்லை. சாப்பாடுகூடக் கட்டிலுக்கே போனது.

“வண்டி துருப்பிடிக்குது, வித்துடலாம்” என்று போன வாரம் சொன்னாள் மனைவி ரோஹிணி. “குடவாசல்ல ஜவுளிக்கடை வச்சிருக்கிற அப்சர் கேக்குறார். அவர் சம்சாரம் ஷமீரா என்கிட்ட படிச்ச பொண்ணு.”

மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. வருகிறவரே வேண்டாமென்று ஓடட்டும் என்று தீர்மானித்தார்.

எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை அமைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, அது முந்தி விழும்படி வைத்தார். அப்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே ஓட்டிக் காட்டியபோது, வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் கடகடவென்று தட்டியது.

“கணீர்னு இருக்கு சார்” என்றார் அப்சர். “ஓட்டுறவன் தூங்கவே முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன்.”

அடுத்த வெள்ளிக்குள் தீப்பொறியைப் பிந்த வைத்தார். எஞ்சினின் சுமைக்குத் தக்கபடி அதை முன்னுக்குத் தள்ளும் வேக்குவம் குழாயையும் பிடுங்கிவிட்டார். வண்டி மாட்டு வண்டிபோல நகர்ந்தது.

“நிதானமா போகுது சார். ஷமீராவுக்கு வேகம்னா பயம்.”

மூன்றாம் வெள்ளிக்கு டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் பின்னுக்குத் திருப்பினார். சைலன்சர் டமாரென்று வெடித்தது. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொக்குகள் பறந்தன.

அப்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணத்துக்குப் போனா வெடி தனியா வாங்க வேணாம்.”

வெங்கடகிருஷ்ணனுக்கு மனசு உறுத்தியது. இப்படி நம்புகிற மனிதரை ஏமாற்றினால் நாணுவே மன்னிக்கமாட்டான்.

நான்காம் வெள்ளி காலையில் வேக்குவம் குழாயின் வாயை அடைத்து, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்து, எஞ்சினின் புல்லிச் சக்கரத்திலிருந்த கோடு பக்கத்துக் குறிக்கு நேராக வரும்படி செய்தார். டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிவிட்டுக் குழாயை மறுபடி மாட்டினார். எஞ்சின் சீராக மூச்சுவிட்டது. அவர் சற்று நேரம் அதன்மேல் கை வைத்தபடி நின்றார். கண் கலங்கியது.

அப்சரும் ஷமீராவும் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். “உங்கள ஏமாத்தப் பாத்தேன். இப்ப சரி பண்ணிட்டேன், நீங்களே ஓட்டிப் பாருங்க.”

“நீங்களே ஓட்டுங்க சார்” என்று அப்சர் ஓரடி பின்வாங்கினார்.

ஆற்றங்கரைச் சாலையில் வெகுதூரம் போய் வந்தார்கள். இறங்கியதும் வெங்கடகிருஷ்ணன் தலை குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்க. என் தம்பி கை பட்ட வண்டி. குடுக்க மனசு வரல.”

“பரவால்ல சார்” என்றார் அப்சர். வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை.

கை கழுவ வெங்கடகிருஷ்ணன் உள்ளே போனார். அடுப்படியில் ஷமீரா ரோஹிணியிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், சார்தான் எந்திரிச்சு வெளிய வந்துட்டாரே, இனிமே இவரு கார் வாங்க வர வேணாம்ல? இவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.”