பெருமாள் கோயிலைச் சுற்றி ஒன்பது சுற்று

தேர்தலில் நிற்க யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த ஊரில் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் நான்.

பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'விளையாட்டு' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட மனசு வரவில்லை. 'ஓட்டம், மாவட்ட அளவில் முதல் பரிசு' என்று எழுதிவிட்டேன். (உண்மையில் ஆறாம் வகுப்பில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நடந்ததற்கு ஆறுதல் பரிசு. ஒரு சோப்பு டப்பா.) எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோருக்கும் மாகறல் கிராமத்து வயல்களில் கூலி வேலைதான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். 'எம்பொண்ணு கணக்கு டீச்சரு' என்று நைனா பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை சொல்லி வைத்திருந்தார். வேலை போனால் அத்தனை பேர் முகத்திலும் அவர் எப்படி விழிப்பார்?

2002-ல் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வாங்க நிதி திரட்ட வேண்டும் என்று எங்கள் தாளாளர் ஓர் ஓட்டம் ஏற்பாடு செய்தார். ஊரிலுள்ள பழைய கோயில்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகிற ஓட்டம்.

"நம்ம மேடம் டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட். கொடி அவங்க கையில இருக்கட்டும். எல்லாரும் கொடி பின்னாலயே போங்க. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சுத்து, அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதானாம்! அன்றிலிருந்து பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டத்தன்று காலையில் பியூன் என் கையிலிருந்த கொடியைப் பார்த்தார். "இன்னா டீச்சர், காத்தே இல்ல, கொடி இந்த ஆட்டம் ஆடுது?"

"குளிருதுப்பா."

"குளுரா? எனக்கு சட்டையெல்லாம் நனஞ்சி கீது."

முருகன் கோயிலை எப்படியோ சுற்றிவிட்டேன். கைலாசநாதர் கோயிலில் நெஞ்சு வாய்க்கு வந்தது. மூன்றாவது, பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில். அந்தக் கல்வெட்டு இருப்பது அங்கேதான். வாசலில் பழக்க தோஷத்தில் ஷூவைக் கழற்றி வீசினேன். பின்னால் வந்த நூற்றைம்பது பேரும் கழற்றினார்கள்.

தாளாளர் ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்து, கையில் மைக்கோடு வாசலில் நின்றார். முதல் சுற்று முடிந்து திரும்பினால், அவர் பக்கத்தில் நைனா!

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை வேறு. எனக்கு உயிர் போய்விட்டது. நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் என்பது நைனாவுக்குத் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது, பொய் சொல்லவும் வராது. நின்றால் அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அதனால் நான் நிற்கவில்லை. இரண்டாவது சுற்றுக்குத் திரும்பிவிட்டேன். கொடி போனதால் கூட்டமும் வந்தது.

இரண்டாவது சுற்றில் நைனா தாளாளரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் தாளாளர் குனிந்து காதைக் கொடுத்தார். நான்காவதில் இருவரும் என்னையே பார்த்தார்கள். போச்சு! சுவரில் இருந்த எழுத்து ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரியும் 'இவளுக்குத் தகுதி இல்லை' என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஐந்தாவது சுற்றில் எனக்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. எங்கள் ஹெட்கிளார்க்! கூட்டத்திலேயே கடைசியாக வந்த ஆள். அதாவது, தலை போய் வாலைப் பிடித்துவிட்டது. இனி யார் முதல், யார் கடைசி என்று பெருமாளுக்கே தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் சிலர், "இன்னா வேண்டுதலோ தெரியலயே, நல்லதுதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடவே சுற்ற ஆரம்பித்தார்கள். அடுத்த கோயிலில் சிறப்பு விருந்தினர் மாலையோடு காத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது சுற்றில் கால் மடங்கிக் கல்வெட்டின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருவரும் ஓடி வந்தார்கள். தாளாளர் குனிந்ததுதான் தாமதம், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சார், நைனா சொன்னது நிஜம்தான் சார்! டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட் எல்லாம் பொய். எலுமிச்சம்பழம்தான் சார்! அதுலயும் ஆறுதல் பரிசுதான் சார்! வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க சார்!"

தாளாளர் திகைத்துப் போனார். "உங்க அப்பா ஒண்ணுமே சொல்லலையேம்மா."

நைனா விழித்தார். "குடிக்கத் தண்ணி எங்க கீதுன்னு கேட்டேம்மா. மைக் சத்தத்துல சாருக்குக் கேக்கல. அதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினு இருந்தேன்."

அப்போதுதான் கவனித்தேன், தாளாளர் கையிலிருந்த மைக் அணைக்கப்படவே இல்லை. நான் அழுதது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டிருக்கிறது. எங்கேயோ ஒரு கண்டக்டர், "இன்னாது, எலுமிச்சம்பழமா?" என்றார்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் என் விண்ணப்பம். சிவப்புப் பேனாவை நீட்டி, "அந்த வரிய நீங்களே அடிங்க" என்றார். அடித்தேன். கண்ணில் நீர் முட்டி, கோடு கோணலாகப் போனது. அவர் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'ஓட்டம்: பெருமாள் கோயில், ஒன்பது சுற்று. நேரில் பார்த்தேன்.'

அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறேன்.

நைனா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். போன வாரம் சாப்பிடும்போது, "யம்மா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். நான் எழுந்திருப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, தாத்தா தண்ணி மட்டும்தான் கேட்டாரு. நீ எதையும் ஒத்துக்காத!"