உள்ளங்கையில் விழுந்த சாவி

அந்த வார்டின் தேர்தல் முடிவு, தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கவில்லை. ஒருவரும் ஓட்டே போடவில்லை. ஸ்டேஷன் தெருவில் மூடிக்கிடந்த நாற்காலிக் கடையின் மாடியில், ஓர் ஊதா விளக்கின் கீழ், ஜனங்களின் உள்ளங்கையிலேயே முடிவு தெரிந்தது.

விளக்குக்குச் சொந்தக்காரர் ஒளியார். 'ஆர்' விகுதி அவரே போட்டுக்கொண்டது. தினமும் மாலை ஐந்து மணிக்கு, வெளியே வெயில் இருக்கும்போதே, ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடுவார். ஒளி தருவதற்கு முதல் வேலையாக இருட்டை உண்டாக்கிய மகான் அவர் ஒருவர்தான்.

கூட்டம் மாடிப்படியில் தொடங்கி, இரண்டு மதுக்கூடங்களைத் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை நின்றது. வாசலில் ஒரு சீடன் ஈரப் பஞ்சால் ஒவ்வொருவர் உள்ளங்கையையும் அழுத்தித் துடைப்பான். பாவம் போக வேண்டுமாம். பக்கத்தில் ஓர் உண்டியல். அதில் போட்டால் மீதிப் பாவமும் போகும். உள்ளே போனதும் விளக்கு எரியும். வெறும் கையில் நீலமாக ஒரு சாவி மின்னும். சாவி, வார்டில் போட்டியிட்ட கான்ட்ராக்டரின் தேர்தல் சின்னம். ஒளியார் தங்கியிருந்தது கான்ட்ராக்டர் வீட்டு மேல்மாடியில். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை வைத்து எதையும் யோசிப்பதில்லை என்பதில் ஊரே ஒற்றுமையாக இருந்தது.

கான்ட்ராக்டரை எதிர்த்து நின்றவள் ஒரு சலவைக்கடைக்காரி. சின்னம் கரண்டி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கடைசி பஸ் பத்து மணிக்கு நின்றுவிடுகிறது, அதை இரண்டு மணிவரை ஓட்ட வேண்டும். இரவில் பிழைக்கிற தெரு அது. பாத்திரம் கழுவுகிறவர்கள், காவலாளிகள், ராத்திரி பாட்டுப் போட்டு ஆடுகிற ஆட்டக்கூடத்தைப் பெருக்குகிற பெண்கள் எல்லாரும் வேலை முடிந்து விளக்கில்லாத சாலையில் வீட்டுக்கு நடந்தார்கள். அப்படி நடப்பவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி. ஆட்டக்கூடத்து வாசலில், சீட்டு வாங்கியவர்கள் மணிக்கட்டில் முத்திரை குத்துவது அவள் வேலை.

தங்கை அதிகம் பேசமாட்டாள். வேலை அப்படி. ஒரு ராத்திரிக்கு நானூறு கை பார்ப்பாள். முகம் பார்க்க நேரம் இருக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் சலவைக்கடைக்குப் போனபோது, அக்கா வேட்புமனுவை வாபஸ் வாங்கும் தாளை எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் மூன்று மணிவரைதான் கெடு.

"என்னக்கா இது?"

"நேத்து நானும் அங்க போனேன்டி. என் கையிலேயே அவன் சாவி. எவன் கையிலயாவது தெரிஞ்சா பரவால்ல. என் கையில."

"அதுக்காக?"

"தோக்கறதுன்னு எழுதியாச்சு. தெருத் தெருவா போய் பல்லக் காட்டிட்டு ஏன் தோக்கணும்?"

தங்கை பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தாள். முத்திரை மை சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. வாசலில் சரிபார்க்க இந்த ஊதா டார்ச்தான். அக்காவின் கையை இழுத்து, மேசைக்கு அடியில் வைத்து டார்ச்சை அடித்தாள். சோப்புக்குத் தப்பிய சாவி மங்கலாக மின்னியது.

"பாத்தியா? இது மைதான்க்கா. எங்க வாசல்ல குத்துறோமே, அதே மை."

அக்கா கண்ணை விரித்தாள். "உன் டார்ச்சுலகூடத் தெரியுதே. அப்ப எவ்வளவு சத்தியமா இருக்கணும்."

தங்கை டார்ச்சை அணைத்தாள். அறிவு புகட்டப் போய் பக்தியை ஏற்றிவிட்ட வருத்தம் அவளுக்கு. கொஞ்ச நேரம் துணி மடித்தாள். நாலு சட்டை மடித்தபின், "சாயந்தரம் என்கூட ஒரு தடவ வா. அப்புறமும் வாபஸ் வாங்கணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தங்கையைக் கண்டால் கை தானாக நீளும். பல வருஷத்து வெள்ளிக்கிழமைகள் செய்த வேலை. அன்று மாலை அவள் முத்திரையும் மைப்பெட்டியுமாக வரிசையின் ஓரமாக நடந்தாள். கைகள் நீண்டன. கசாப்புக்கடைக்காரர் நீட்டினார். பள்ளிக்கூட வாத்தியார் நீட்டினார். மதுக்கூடத்துக்காரன் போனில் பேசிக்கொண்டே நீட்டினான். ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வாரத்து முத்திரை, வாத்து.

மேலே போனதும் அக்காவைச் சீடனிடம் கையை நீட்டவிட்டு, தான் மட்டும் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நுழைந்தாள்.

ஒளியார் கண்ணை மூடி முணுமுணுத்தார். விளக்கு எரிந்தது. உள்ளங்கையெல்லாம் சாவி. மணிக்கட்டெல்லாம் வாத்து.

ஒளியார் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும்.

"வாத்து யாரோட சின்னம்?" என்றார் கசாப்புக்கடைக்காரர்.

"சுயேச்சையா இருக்கும்."

"சாவிய விட வாத்து பெருசா இருக்கே. ஓட்டு வித்தியாசமோ?"

ஒளியார் சுதாரித்தார். "வாத்து நீரில் மிதக்கும். சாவி ஜெயித்தால் தண்ணீர்ப் பஞ்சம் தீரும் என்று பொருள்."

கூட்டம் தலையாட்டியது. வாத்தியார் அதைக் குறித்துக்கொண்டார்.

"வாத்து என்னோடது," என்றாள் தங்கை. பெட்டியைத் திறந்து தன் மணிக்கட்டில் ஒன்று குத்தி விளக்கடியில் காட்டினாள். "கீழ வரிசையில நான் குத்தினேன். எல்லாரும் நல்லாத்தான் நீட்டுனீங்க." பிறகு உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒன்றும் இல்லை. "இது பஞ்சு படாத கை. எனக்கு மட்டும் யாரும் ஜெயிக்கல பாருங்க."

சீடன் கதவுப் பக்கம் நகர்ந்தான். கசாப்புக்கடைக்காரர் அவன் சட்டையைப் பிடித்தார். எடை போட்டுப் பழகிய பிடி. தங்கை பஞ்சை வாங்கித் தன் கையில் அழுத்தினாள். சாவி மின்னியது. பஞ்சைப் பிய்த்தாள். உள்ளே ரப்பரில் வெட்டிய சாவி.

"சுச்சு எங்க இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ கறுப்புத் துணியை இழுத்தார்கள். மாலை வெயில் உள்ளே விழுந்தது. ஒளியார் கண் கூசி ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய கையோடேயே படியிறங்கப் பார்த்தார். உண்டியலை எடுத்துக்கொள்ள மட்டும் மறக்கவில்லை, அதனால்தான் மாட்டினார்.

அக்கா வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்த வாபஸ் தாளை எடுத்து, அதிலேயே கையைத் துடைத்து, கசக்கிப் போட்டாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு நான் கடையிலதான் இருப்பேன். பஸ்ஸு வேணும்கறவங்க வந்து பேசுங்க. தோத்தா நீங்க ஓட்டுப் போட்டுத் தோக்கறேன்."

படியிறங்கும்போது வாத்தியார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே தங்கையிடம் வந்தார். அவருக்குக் கோபம்.

"ஏம்மா, படிச்சவன் நான். கையில குத்துறப்பவே இது எதுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"குத்துறப்பவே எதுக்குன்னு நீங்க கேட்டிருக்கலாமே சார்."

வாத்தியார் அடுத்த படியில் நின்றுவிட்டார். யோசிக்கத் தொடங்கியிருந்தார். பழக்கமில்லாத வேலை; கொஞ்சம் நேரம் பிடிக்கத்தான் செய்யும்.