மாமியின் பெயர் ஒழுகிய கதை

ஒருவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் விடத் தெரியாத ஆள் நான். இரும்பை மின்சுடரால் வெட்டும் என் பிளாஸ்மா மெஷினுக்குக் கேஸ் வாங்கப் போனபோது, யாழ்ப்பாணத்தில் கேஸ் கடைக்காரர், "பிளாஸ்மாவாலை வெட்ட வெறும் காத்தே காணும். பேர் எழுதுறதெண்டால் ஆர்கன் பாவியும்" என்றார். தலையாட்டிவிட்டுச் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வந்தேன். (ஏன் ஆர்கன், ஏன் ஆர்கன் என்று வேலணை வரைக்கும் மண்டையைக் குடைந்தது வேறு கதை.)

வேலணையில் எனக்கு ஒரு வெல்டிங் கடை. காலமான மாமியின் நினைவாக, கோயில் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர்த் தாங்கியை உபயம் கொடுக்க மாமா கனடாவிலிருந்து வந்திருந்தார். உபயகாரரின் பெயர் டியூப்லைட்டில்கூட இருக்கும் ஊர் இது. ஆனால் பெயின்ற்றால் எழுதினால் உப்புக்காற்று தின்றுவிடும்.

"அவளின்ரை பேர் அழியக்கூடாது மருமகன். அதுக்குத்தான் வந்தனான்" என்றார் மாமா.

கடையில் கிடந்த தடித்த இரும்புத் துண்டில், கரண்டைக் குறைத்து, ஆர்கனில் ஒரு 'க' எழுதினேன். மெல்லிய, வெளிறிய, துப்புரவான கோடு. பிறகு வெறும் காற்றில் இன்னொரு 'க'. ஆழமாகவும் கறுப்பாகவும் வந்தது. அதே சுடர், அதே கை, ஆனால் எழுத்தின் குணமே வேறு! ஆர்கன் உலோகத்தோடு சண்டைக்குப் போகாது. காற்றிலுள்ள ஒட்சிசன் எரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், ஆழமான எழுத்துத்தானே அழியாது என்று காற்றிலேயே தாங்கியில் எழுதி முடித்தேன்: 'அமரர் கனகம்மா ஞாபகார்த்தம்'.

"தாங்கி மெல்லிசெல்லோ? தண்ணி விட்டுப் பாருங்கோ" என்றாள் மனைவி.

"பவுசர் தண்ணியை ஆரும் சோதிக்க ஊத்துவினமோ?" என்றேன். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். ஒரு வாளியைக்கூட வீணாக்க மனம் வராது.

திருவிழாவன்று பவுசர் வந்து தாங்கியை நிரப்பியது. மாமா கற்பூரம் காட்டினார். கும்பிட்டுக்கொண்டு நின்ற என் முகத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. ஐயர் தெளிக்கிறார் என்று நினைத்து இன்னும் பக்தியாகக் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால், மாமியின் பெயரில் புள்ளிக்கொரு தாரை!

கோடு இழுக்கும்போது கை நகரும். புள்ளி வைக்கும்போது நிற்கும். நின்ற இடமெல்லாம் துளை விழுந்து, அதைக் கரி மூடியிருந்திருக்கிறது. தண்ணீர் அந்தக் கரியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

சனம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. இதற்காகவே பறந்து வந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. அதற்குள் காவடி ஆடிக் களைத்து வந்த ஒருவர், குழாயைத் தேடாமல், நேரே பெயருக்குக் கீழே வாயைப் பிடித்து மடமடவென்று குடித்தார்.

மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன்ரை மாமியும் இப்பிடித்தான். ஆரும் தண்ணி கேக்கும்வரைக்கும் பொறுக்கமாட்டாள்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் துளைகளை அடைத்தேன். அந்த வெல்டிங்குக்கு ஆர்கன்தான் வேண்டும். எழுதுவதற்கு வாங்கிய சிலிண்டர் அடைப்பதற்குத்தான் உதவியது. மாமியின் புள்ளிகள் இன்றைக்கும் பரு மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன.

மாமா கனடாவிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் சுகம் விசாரிக்கும் முன் கேட்பது ஒன்றுதான்:

"மருமகன், மாமி இப்ப ஒழுகிறாவோ?"

"இல்லை மாமா."

"சீ, பாவம். ஒரு புள்ளியையாவது விட்டிருக்கலாம்."