முலாம்பழத்துக்கு மாவுக்கட்டு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான், மொட்டை மாடியில் ஒரு முலாம்பழம் ஆகிய நால்வரும் நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் முழங்காலும் அத்தையின் ரத்தக் கொதிப்பும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன் என்று அத்தை குறைப்பட்டுக்கொண்டதாக அம்மா சொன்னாள். அது உண்மைதான். அதோடு எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். இது அப்பா காதுக்குப் போகக் கூடாத விஷயம். சுருக்கமாகச் சொன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை பழம் சாப்பிட நீங்கள் வர வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் மாவுக்கட்டுப் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்ப்பார். "இடது கணுக்கால், சரியா கூடல," "இவனுக்குக் கட்டை அவசரப்பட்டுப் பிரிச்சுட்டானுங்க" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அம்மா பயந்தது அதற்குத்தான். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் முலாம்பழ விதைப் பொட்டலத்தைக் கொடுத்து, "மச்சான், உங்க கைக்கு எலும்புதான் ஒட்டும், செடி ஒட்டாது. ஒரே ஒரு பழம் காட்டுங்க, நானே வந்து உக்காந்து தின்னுட்டுப் போறேன்" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா காலி பெயிண்ட் வாளி தேடக் கிளம்பிவிட்டார். இதற்காக அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நானும் சொல்லியிருப்பேன், பின்னால் நடந்தவை நடக்காமல் இருந்திருந்தால்.

செடி வளர்ந்தது, கயிற்றில் ஏறியது, பூத்தது. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தை மாற்றிவிட்டால்தான் காய் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, அப்பா காது குடையும் பஞ்சுக்குச்சியால் அதைச் செய்தார். செய்யும்போது என்னைக் கீழே போகச் சொல்லிவிட்டார். காய் பிடித்துக் கனத்ததும், கை முறிந்தவர்களுக்குக் கழுத்தில் மாட்டிவிடும் தூளித்துணி ஒன்றைத் தன் பழைய ஆஸ்பத்திரிப் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் காயை உட்கார வைத்துக் கொடிக்கம்பியில் கட்டிவிட்டார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான், இது எப்போது பழுக்கும் என்ற கேள்வி வந்தது. அப்பா யோசிக்கவே இல்லை. "வீட்டுல படிச்ச பொண்ணு இருக்கா, அவ சொல்லுவா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மாமா, நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான் என்பதால், மாத்திரை அட்டையிலிருந்து மிக்ஸி ரிப்பேர் வரை எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. நான் படித்தது பொருளியல். அதில் பழத்தைப் பற்றி வருவது ஒரே இடத்தில்தான். விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள் என்பது அது. இதை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். வழக்கம்போல "ம்" என்றுதான் வந்தது.

அன்றிலிருந்து மாடியில் கூட்டம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா துணி காயப்போட வந்தால் மோதிர விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்குவார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் டயரில் காற்றுப் பார்ப்பதைப் போல முஷ்டியால் குத்திப் பார்ப்பார். "டொக்குன்னா காய், டொம்முன்னா பழம்" என்பது அவருடைய கட்சி. "அட போங்க, அது தர்பூசணிக்கு. இதுக்குச் சுருள் கொடி காயணும்" என்பது வீட்டுக்கார அம்மாவின் கட்சி. "சுருள் கொடிதாங்க தர்பூசணிக்கு!" என்று டிரைவர் ஒருநாள் சத்தம் போட்டார். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, நீதானே படிச்சவ" என்றார்கள். நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில், எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியாமலே தெரிகிற மாதிரி வாய்க்கு வந்ததைப் படிப்பவர்களை நாள் முழுவதும் பார்க்கிறேன். அன்று அவர்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிந்தது. "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றேன். "பாத்தீங்களா, எவ்வளவு நிதானமா சொல்றா!" என்று அப்பா பூரித்துப்போனார்.

இதோடு நின்றதா? தட்டும் சத்தத்தை என் போனில் பதிவு செய்துகொடுத்து, கடைக்குப் போகும் வழியில் பழ வியாபாரியிடம் போட்டுக் காட்டச் சொன்னார். அந்த மனிதரைச் சுற்றி ஆட்கள் நிற்க, நான் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். டொக், டொக், நடுவில் அப்பா இருமும் சத்தம், டொக். அவர் காதைக் கொடுத்து முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, பழத்தைக் கொண்டு வருவாங்க, பாட்டைக் கொண்டு வந்திருக்கியே! எனக்கு லாரியில வந்து எறங்குறது எல்லாம் பழந்தான். அது எப்பப் பழுத்துச்சுன்னு லாரிக்காரனைக் கேளு" என்றார். அன்று கடைக்குத் தாமதமாகப் போய் அதற்கும் திட்டு வாங்கினேன்.

இனிமேல்தான் உண்மையான சங்கடம். போன வாரம் ஒரு காலையில் அப்பா மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "காம்புல விரிசல் விட்டிருக்கு! சுத்தி வட்டமா ஓடுது!" என்றார். "அதுக்கு என்ன இப்போ?" என்றாள் அம்மா. "என்னவா? இப்ப கவனிக்கலைன்னா துண்டா போயிடும்!" பெட்டியைத் திறந்தார். மாவுக்கட்டுத் துணி ஒரு சுருள் பாக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. அதை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கொடியிலிருந்து காம்பு வழியாகப் பழத்தின் உச்சி வரை ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் மாவுக்கட்டுப் போட்டார். போட்ட தேதியைப் பேனாவால் அதன்மேல் எழுதினார். "எதையாவது கட்டிக்கிட்டே இருக்கணும் இந்த மனுஷனுக்கு" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அந்தத் தெளிவை நாங்கள் பார்க்கவே இல்லை. "ஒட்டுற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று தெருவுக்கே உத்தரவு போட்டார்.

அன்று கடையில் ஆள் வராத நேரத்தில் போனில் தேடிப் படித்தேன். மாமா, முலாம்பழத்தைத் தட்டவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். அது பழுத்தால் தோல் மஞ்சளாகும், அடிப்பக்கம் மணக்கும், காம்பைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டுத் தானாகவே கழன்றுகொள்ளும். அந்த விரிசல்தான் அறிகுறி. பழம் "நான் தயார்" என்று சொல்லியிருக்கிறது, அப்பா அதன் வாயைக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் படிக்கட்டு வரை வாசனை. "கட்டுக்குள்ள வேர்த்தா வாடை வரத்தான் செய்யும்" என்கிறார் அப்பா. தோல் மஞ்சளாகிவிட்டது. "ரத்த ஓட்டம் கம்மி" என்கிறார். எறும்பு வரிசை கட்டி வருகிறது. அதற்கு மட்டும் இன்னும் காரணம் சொல்லவில்லை, வாளியைச் சுற்றித் தரையில் மருந்து தூவிவிட்டார். நான் தினமும் சொல்லப் போகிறேன், தினமும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கிறேன், தினமும் வாயை மூடிக்கொள்கிறேன். வாழ்நாள் முழுவதும் செய்த வேலையையே தப்பாகச் செய்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன்னால் கட்டைப் பிரித்து உள்ளே அழுகியிருந்தால், நீங்கள் பேரன் பேத்தி எடுக்கும் வரை அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். அப்பா மறுபடி ஜன்னலோரம் போய்விடுவார். ஆகவே முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு விடியற்காலையில் பழத்தை அப்புறப்படுத்திவிட்டுப் பூனைமேல் பழியைப் போட்டுவிடுகிறேன். பூனை முலாம்பழம் தின்னுமா என்று கேட்காதீர்கள். அதையும் படித்து வைத்திருக்கிறேன், சில பூனைகள் தின்னுமாம். எனக்கு அலுத்துவிட்டது, மாமா.

அத்தையின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும், விதை மட்டும் இனி வேண்டாம்.

இப்படிக்கு,
பணிவுள்ள அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா எறும்பு மருந்து டப்பாவோடு வந்து, "இன்னும் எத்தனை நாளாகும்னு நினைக்கிற?" என்றார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "அப்பா, அது முறிவு இல்ல, பிரசவம்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டப்பாவைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து தெரியும்?" "போன வாரத்துலேர்ந்து." "ஏன் சொல்லல?" "நீங்க அவ்வளவு நல்லாக் கட்டுப் போட்டிருந்தீங்க..." அப்பா என்னை முறைத்தார். "அட பைத்தியமே! நான் போட்டதைவிடப் பிரிச்சதுதான் ஜாஸ்தி. கண்டவன் கோணலாப் போட்டதை எல்லாம் பிரிச்சவனுக்கு என் கட்டைப் பிரிக்கத் தெரியாதா?" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

பாதிக் கட்டு பிரியும்போதே பழம் தூளியில் தானாக இறங்கிவிட்டது. ஒரு பக்கம் குழைந்துபோய்க் கரண்டியால் அள்ள வேண்டியிருந்தது. மறுபக்கத்தைத் தின்ற அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு இனிப்பு. அப்பா கைப்பிடிச் சுவர் வழியாக எட்டி, "சுகப்பிரசவம்!" என்று டிரைவருக்குக் கத்தினார். கீழ்வீட்டு அம்மா "யாருக்கு?" என்று ஓடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

எனவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள். இந்தப் பழத்தில் உங்களுக்கு மிச்சமில்லை. அடுத்த வாளியில் இன்னொரு காய் இருக்கிறது. அது எப்போது பழுக்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். சொல்லிவிடுவேன்.