நான் எண்ணெய் போட்டுத் துடைத்த நாலு போர்டுகள்

சும்மா உட்காரத் தெரியாத பெண்களால் உலகத்தில் நடந்த நாசங்களை யாராவது தொகுத்தால், அதில் எனக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரே சாயங்காலத்தில் நான்கு பெண்களைக் கடலில் கவிழ்த்தவள் நான். (யாருக்கும் அடிபடவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் குடித்தார்.)

அப்போது என் மகள் மீனுவுக்கு எட்டு மாதம். மலையாளம் பேசுகிற கழக்கூட்டத்தில் ஐந்தாவது மாடியில் வாடகை வீடு. கணவர் சேகர் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். நான் பிரசவ விடுப்பை நீட்டித்து வீட்டில் இருந்தேன். வீடு அப்படியொரு பளபளப்பு. குக்கர் கைப்பிடியின் திருகைக் கழற்றிக் கழுவுவேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். வருகிறவர்கள் "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எப்படிம்மா!" என்று மூக்கில் விரல் வைப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மீனு அழும்போது எனக்கு எதுவுமே தோன்றாது. தூக்குவேன், பால் கொடுப்பேன், தோளில் போட்டுத் தட்டுவேன். உள்ளே மட்டும் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். இதை வெளியே சொன்னால் குழந்தையைக் கொண்டுபோய் அம்பாசமுத்திரத்தில் என் அம்மாவிடம் விட்டுவிடுவார்கள் என்று பயம். அதனால் வாயைத் திறக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா குழந்தையை விட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவரிடமும் "தூக்கந்தான் கொஞ்சம் கம்மி" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கோவளத்துக்குப் பக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பெண்களுக்கென்றே அலைச்சறுக்குச் சிகிச்சை நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். போர்டு என்கிற சறுக்குப் பலகையில் படுத்து, அலை வரும்போது எழுந்து நிற்கப் பழக வேண்டும். அதற்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சேகரிடம் "முதுகு வலிக்கு நல்லதாம்" என்று சொல்லி, மீனுவை அவரிடம் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

சொல்லிக்கொடுப்பவள் லின்சி. மீனவக் குடும்பத்துப் பெண், இருபத்தாறு வயதுதான் இருக்கும். என்னோடு சேர்த்து ஐந்து பேர். அதில் மல்லிகா அக்கா போனக்காடு மலை எஸ்டேட்டில் பிறந்தவர், கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல். கணவர் இறந்த பிறகு இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். மலையில் வளர்ந்தவருக்குக் கடல் என்றாலே நடுக்கம். முதல் நான்கு வாரமும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார், காலை நனைக்கவில்லை. ஆனால் அவர் வட்டத்தில் பேசுவார், அழுவார். நான் என் முறை வந்ததும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பேன்.

ஐந்தாவது சனிக்கிழமை நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். லின்சி போர்டுகளை மணலில் வரிசையாகப் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். போர்டுகளைப் பார்த்தேன். மேல்பக்கம் முழுவதும் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. அதில் மணல், முடி, ஒரு ஈ.

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனாலும் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அதைப் பேசுவார்கள். எனக்குக் கை அரித்தது. வெயிலில் அந்தப் பிசுக்கு நன்றாக இளகியிருந்தது வேறு. பழைய பஸ் பாஸ் அட்டையால் சுரண்டினேன், வழித்துக்கொண்டு வந்தது. மீதியைப் போக்க, தலைக்குத் தடவவென்று பையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றித் துணியால் தேய்த்தேன். அடடா, என்ன மினுமினுப்பு! நான்கு போர்டு முடித்தேன். ஐந்தாவதற்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. போர்டுகளைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, யாராவது "இவ்வளவு சுத்தமா வச்சது யாரு?" என்று கேட்பார்கள், அடக்கமாகத் தலையைக் குனிய வேண்டும் என்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு என்று பார்த்து மல்லிகா அக்கா நீச்சல் உடையில் வந்து நின்றார். "இன்னிக்கு இறங்கிப் பாக்கேன்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். லின்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், மனசு மாறுவதற்குள் கடலுக்குப் போவோம் என்றாள். அவசரத்தில் போர்டை அவள் கவனிக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் முதல் பெண் படுத்தாள், அந்தப் பக்கம் போய் விழுந்தாள். இரண்டாவது பெண் இந்தப் பக்கம். மூன்றாமவள் எழுந்தே நின்றுவிட்டாள், நின்ற வேகத்தில் கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன. இதற்குள் மல்லிகா அக்கா கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, தன் போர்டில் படுத்திருந்தார். ஒரு சின்ன அலை வந்தது. எண்ணெய் தடவிய தட்டிலிருந்து இட்லி நழுவுகிற மாதிரி அவர் பின்பக்கமாக நழுவிக் கடலுக்குள் போனார்.

வெளியே வந்தவர் இருமினார், துப்பினார். லின்சி போர்டில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"ஐயோ, வெளிச்செண்ணெய்! இந்த மெழுகு எவிடெப் போச்சு? சேச்சி, மெழுகு இல்லாட்டி போர்டுல காலு நிக்காது கேட்டோ! இது ஆரு செஞ்சது?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். (ஆமாம், நானும்தான். "அதானே, யாரு?" என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டு.) ஆனால் மெழுகு போகாத ஒரே போர்டு என் கையில் இருந்தது.

மல்லிகா அக்கா கரைக்கு நடந்தார். "போதும், இனி நான் வரல்ல" என்று பையை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் போர்டைப் போட்டுவிட்டேன். பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, நான்தான் செஞ்சேன். அழுக்குன்னு நெனச்சேன். என்னால சும்மா இருக்க முடியலக்கா. சும்மா இருந்தா பயமா இருக்கு. வீட்ல பிள்ள அழுதா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நான் நல்லா இல்லக்கா, எந்த வாரமும் நல்லா இல்ல."

சொல்லி முடித்தபோது நான் மணலில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, பெருங்குரலில் அழுதுகொண்டிருந்தேன். மற்ற மூவரும் லின்சியும் சுற்றி வந்து நின்றார்கள். மல்லிகா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதை வாயால சொல்லப்பிடாதா பிள்ளே? அதுக்கு என்னைப் பிடிச்சுக் கடல்ல தள்ளணுமா?"

முதலில் லின்சிதான் சிரித்தாள். பிறகு எல்லோரும். நான் அழுதுகொண்டே சிரித்தேன், இரண்டையும் ஒரே மூக்கால் சமாளிப்பது கஷ்டம். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லின்சி எனக்கு ஒரு தண்டனை கொடுத்தாள். மற்றவர்கள் போர்டுகளைக் கழுவிப் புது மெழுகு தேய்ப்பார்கள், நான் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தைப் போல் நீளமான நேரத்தை நான் பிரசவத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு தடவை துணியை நோக்கிக் கை போனது. மல்லிகா அக்கா புறங்கையில் ஒரு அடி வைத்தார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும், தைரியம் போவதற்குள் சேகரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மீனு அவர் மடியில் இருந்தாள். அவளைத் தூக்கி என் மடியில் வைத்தார். பிறகு, "பிள்ளைய எங்கயும் அனுப்ப வேணாம் சுதா. அடுத்த தடவ டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்றார். ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. மாத்திரையும் வேண்டியிருந்தது, கடலும் வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள் மீனு அழுதபோது எனக்குப் பதறியது. அந்தச் சந்தோஷத்தில் குழந்தையோடு சேர்ந்து நானும் அழுதேன். மல்லிகா அக்கா இப்போது என்னைவிட நன்றாக நிற்கிறார், அதைச் சொல்லிக்காட்டவும் தவறுவதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கேள்வி உண்டு. காரணமில்லாமல் நான் எதையாவது தேய்க்க ஆரம்பித்தால் சேகர் "என்ன, போர்டு துடைக்கிறியா?" என்பார். உண்மையான பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் விதி. விருந்தாளிகள் முன்னால்கூடக் கேட்டு மானத்தை வாங்குவார். மீனுவுக்கு ஆறு வயதாகிறது, அவளும் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் சேகருடைய கம்பெனியில் ஆட்குறைப்பு. அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. "எனக்கொண்ணும் இல்ல, வேற கிடைக்கும்" என்று சிரித்தபடி நான்கு நாள் நடமாடினார். ஐந்தாம் நாள் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் இருந்த மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவை முந்தின வாரம்தான் துடைத்தவை. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீனு போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, போர்டு துடைக்கிறீங்களா?"

சேகர் கையை நிறுத்தினார். ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமா குட்டி" என்றார்.