கற்பூரவள்ளிச் சுவரும் ஒரு தட்டு பஜ்ஜியும்

கோபக்காரிக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றிவிட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் தப்ப முடியாது. நான் கோபக்காரி. எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை, பச்சைச் சுவர்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்து முனையில் எனக்குத் தையல் கடை. சந்தில் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். நிற்கும் என்றால், இன்ஜினை அணைக்காமல் நிற்கும். (தொரைக்கு ஏசி வேணுமாம்.) புகை முழுவதும் நேராக என் கடைக்குள் வரும். வாசலோரம் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் மலர், என் கணவரின் தங்கை. அவளுக்கு இழுப்பு நோய். இந்தப் புகையில் இனி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளமெண்டியில் குளுகுளு கடைத்தொகுதி ஒன்றில் அவளுக்கு வேலையும் தயாராக இருந்தது. அவள் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான். ரவிக்கை வெட்டுவது, தைப்பது எல்லாம் அவள். வாடிக்கையாளர்களோடு சண்டை போடுவது மட்டும் நான்.

லாரிக்காரர்களிடம் கத்திப் பார்த்தேன். ஜன்னலை ஏற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் நகரத்துப் பெரிய ஹோட்டல்களில் சுவர் முழுக்கச் செடி தொங்குவது நினைவுக்கு வந்தது. இலைகள் தூசியைப் பிடித்துக்கொள்ளுமாம். கட்டட உரிமையாளர் மிஸ்டர் டானை நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல் பக்கச் சுவரைக் கொடுத்தார். நன்றாக வளர்ந்தால் சந்தின் மற்ற உரிமையாளர்களைக் கூட்டி வந்து காட்டுவார். அவர்களுக்கும் பிடித்தால் சந்து முழுக்கச் செடி. பிடிக்காவிட்டால் என் செடிகளும் குப்பைக்கு.

செடி வைக்க வந்த கம்பெனிக்காரர் அழகுக்கு வைக்கும் பெரணிச் செடிகளைக் காட்டினார்.

"இதைச் சமைக்கலாமா?"

"சுவருக்குங்க மேடம். சமையலுக்கு இல்ல."

"திங்க முடியாத செடிக்கு நான் எதுக்குத் தண்ணி ஊத்தணும்?"

நம் ஆட்களின் வியாதி இது. வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரே ஒரு தொட்டிக்கு இடம் கிடைத்தாலும் கறிவேப்பிலைதான் வைப்போம். (ரோஜாவை ரசத்துலயா போட முடியும்?) சுவர் முழுக்கக் கற்பூரவள்ளி வைக்கச் சொன்னேன். தடித்த இலை, மேலே பொடி ரோமம், தூசியை நன்றாகவே பிடிக்கும் என்று அவரும் பெருமூச்சோடு ஒத்துக்கொண்டார். அது தளதளவென்று வளர்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம சுவருதான், வேணும்னா பறிச்சுக்குங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

உரிமையாளர்கள் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை காலை வந்து பார்க்கிறேன், சுவரின் கீழ்ப்பாதி மொட்டை. காம்பு மட்டும் நின்றது. பக்கத்தில் கோயிலுக்குப் போகும் ஓர் அம்மா, செடியைத் தடவிக்கொண்டு நின்றார். பாய்ந்து பிடித்தேன்.

"பையைத் திறங்க!"

"நான் மோந்துதாம்மா பாத்தேன்!"

திறந்தார். தேங்காய், வாழைப்பழம், ஊதுபத்தி. வேறு எதுவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முறைத்தேன்.

"அண்ணி, மேல்பாதி இருக்குல்ல, அதைக் காட்டுங்க. கத்தாதீங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் மலர்.

உரிமையாளர்கள் வந்தார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக்கடை செல்வம் அண்ணனிடம், மானம் போகாதபடி நல்ல பலகாரமாகக் கொடுங்கள் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். ஆவி பறக்கப் பஜ்ஜித் தட்டோடு வந்தார். மிஸ்டர் டான் ஒன்று எடுத்தார். கூட வந்த குட்டை முடி அம்மையார் இரண்டு எடுத்தார். "வெரி நைஸ் லா!" என்றார்.

இதுதான் சமயம் என்று நான் பேச ஆரம்பித்தேன். ரவிக்கைக்கு வைத்திருந்த வெள்ளை லைனிங் துணியில் ஒரு துண்டை எடுத்து, சுவரிலிருந்த ஓர் இலையை அழுத்தித் துடைத்து, அவர்கள் முகத்துக்கு நேரே விரித்தேன். கண்மை மாதிரி கறுப்பு.

"ஆல் லாரி ஸ்மோக்! திஸ் லீஃப் ஈட்டிங் எவ்ரிதிங்!"

எல்லோரும் மலைத்துப் போனார்கள். அம்மையார் கடித்த பஜ்ஜிக்குள் தெரிந்த பச்சையைக் காட்டி, இது என்ன இலை என்று கேட்டார். நான் பெருமையோடு திரும்பினேன்.

"அண்ணே, எந்த மார்க்கெட்டுல வாங்குனீங்க?"

"மார்க்கெட்டா? நீதானே தங்கச்சி பறிச்சுக்கச் சொன்னே?"

சொல்லிக்கொண்டே சுவரின் மொட்டையை நோக்கிக் கை நீட்டினார். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. கை நீட்டியது புரிந்துவிட்டது. பஜ்ஜியைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். கடைசியாக என் கையிலிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார்கள். மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. மிஸ்டர் டான் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"கழுவுனீங்களாண்ணே?"

"கழுவாம போடுவேனா? ஒரு தடவ அலசுனேன் லா."

வேறு யாராவது இருந்தால் உள்ளே ஓடி ஒளிந்திருப்பார்கள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, நான் கத்தினேன். "ஒரு பஜ்ஜி தின்னதுக்கே இப்படி முழிக்கிறீங்களே, இவ தினமும் இதைத்தான் மூச்சுல இழுக்கிறா!" தமிழில்தான் கத்தினேன். மலரைச் சுட்டிக் காட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். (சிரிப்பை அடக்கி அடக்கி வந்த இருமல். அது அவங்களுக்குத் தெரியாது.)

அம்மையார் என் கையிலிருந்த துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பஜ்ஜியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். கடை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சில வாரங்களில் லாரிகள் சரக்கு இறக்கும் இடம் சந்தின் மறுகோடிக்கு மாறியது. இன்ஜினை அணைக்கச் சொல்லிப் பலகை வந்தது. சந்து முழுக்கப் பச்சைச் சுவர் வந்தது, எல்லாம் தின்ன முடியாத பெரணி. என் கற்பூரவள்ளியையும் பிடுங்கிவிட்டார்கள். தன் இழுப்பு குறைந்ததற்குச் செடி பாதி, லாரி போனது பாதி காரணம் என்கிறாள் மலர். எது எப்படியோ, கிளமெண்டிக்குப் போகாமல் என் வாசலில்தான் இன்னும் மெஷின் மிதிக்கிறாள். அந்தக் கோயில் அம்மா மட்டும் இன்றுவரை என் கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

சமீபத்தில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். நான் வாங்குவதற்குள் மலர் நடுவில் புகுந்தாள். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவி, மேலே இருந்த வெற்றிலையை அழுத்தித் துடைத்து, துணியைச் சபைக்கு விரித்துக் காட்டினாள்.

"சுத்தமா இருக்கு அண்ணி. பொண்ணு குடுக்கலாம்."