ஸ்தோத்திரம் அண்ணன் வாய் மூடிய கதை

திருச்சியில் இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாத பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தால், அவர் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். மற்ற எல்லோரிடமும் ஸ்தோத்திரம் அண்ணன் சொல்லி முடித்திருந்தார்.

அரியமங்கலத்தில் நான் கணக்கு எழுதும் பட்டறையில் அவர் வெல்டர். வணக்கத்துக்கும் ஸ்தோத்திரம், தும்மலுக்கும் ஸ்தோத்திரம் என்பதால் வந்த பெயர். கிரைண்டர் ஓடும்போதும் பிரசங்கம் நிற்காது. மிஷின் சத்தத்தில் அவர் குரல் கேட்கவில்லை என்பது போய், அவர் குரலில் மிஷின் சத்தம் கேட்காது.

அவரிடம் அதிகம் மாட்டியவர் லேத் மிஷினில் வேலை செய்யும் ரெங்கராஜ். ஸ்ரீரங்கத்துக்காரர், பெருமாள் பக்தர். "அண்ணே, எங்க ஊர்லயே பெரிய பெருமாள் இருக்கார், எனக்கு அவர் போதும்" என்பார். அண்ணன் விடமாட்டார். டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, ஏன், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகூடப் பேசியிருக்கிறார்.

ஒருமுறை பட்டறையில் எல்லோரும் குடும்பத்தோடு காவிரிக்கரை முக்கொம்புக்குச் சுற்றுலா போனோம். மரத்தடியில் பிரியாணி பரிமாறியதும் அண்ணன் ஜெபம் செய்ய எழுந்தார். அன்றைய பொருள் பொறுமை. நாட்டுக்காக, மழைக்காக, முதலாளியின் சர்க்கரை வியாதிக்காக ஜெபம் நீண்டது. பிரியாணி ஆறியது. ரெங்கராஜ் சத்தமில்லாமல் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதே நேரம் அண்ணன் கண்ணைத் திறந்தார். ரெங்கராஜின் தட்டைப் பிடுங்கி வீசினார். அவருடைய அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார்.

"அண்ணே, இது பைபிள்ல எந்த அதிகாரம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ரெங்கராஜின் மனைவி கோமதி மட்டும் சிரிக்கவில்லை. தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, புல்லில் சிதறிய சோற்றைக் கையால் கூட்டி எடுத்தார். அண்ணன் அதைப் பார்த்தபடி நின்றார். முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் நடந்தே போய்விட்டார்.

அதன் பிறகு பட்டறையில் அண்ணனிடமிருந்து பேச்சே இல்லை. வெல்டிங் முகமூடியைக் கழற்றாமலே டீ குடிக்கப் பார்த்தார். முதலாளியே என்னிடம் வந்து, "அவரை ஏதாவது பிரசங்கம் பண்ணச் சொல்லும்மா, பயமா இருக்கு" என்றார்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் என் மேஜைக்கு வந்தார். "நாளைக்கு ரெங்கராஜ் வீட்டுக்குப் போகணும்மா. தனியாப் போக வெக்கமா இருக்கு. நீங்களும் வாங்க."

போனோம். கதவைத் திறந்தது கோமதி. அண்ணன் வாசல்படி ஏறவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு நான் பேசினது, செஞ்சது ரெண்டுமே அசிங்கம். மன்னிச்சுடுங்க."

"உள்ள வாங்கண்ணே" என்றார் கோமதி, கதவை விரியத் திறந்து.

ரெங்கராஜிடமும் அதையே சொன்னார். கொடுத்த காப்பியைத் தலை குனிந்தே குடித்தார். ஒரு வார்த்தை பிரசங்கம் இல்லை.

பிறகு ஆள் மாறிப்போனார். எப்போதாவது, "ரெங்கராஜ், பேசலாமா?" என்று கேட்பார். "வேணாம்ணே" என்றால் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். இப்படியே வருடங்கள் ஓடின.

போன மழைக்காலத்தில் கரண்ட் போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ரெங்கராஜே கேட்டார்: "அண்ணே, அன்னைக்கு எப்படி எங்க வீட்டுக்கு வந்தீங்க? நானா இருந்தா வந்திருக்க மாட்டேன்."

"ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தை வரல ரெங்கராஜ். தங்கச்சி சோறு அள்ளினதுதான் கண்ணுல நின்னுச்சு. முதல்ல அங்க போயிட்டு வாடான்னு இயேசு சொல்ற மாதிரியே இருந்துச்சு."

ரெங்கராஜ் ஸ்டூலை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, அவரைப் பத்திச் சொல்லுங்க. கேக்குறேன்."

அண்ணன் கைலியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ரெங்கராஜ் இன்றும் கோயிலுக்குப் போகிறார். சில நாள் அண்ணனிடம் இயேசு கதையும் கேட்கிறார். சென்ற வாரம் அண்ணனுக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் வீடு திரும்பும்வரை எங்கள் வீட்டுப் பிள்ளையார் முன்னால் தினமும் அவருக்காக வேண்டிக்கொண்டேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.